திடீர் பள்ளங்கள், தீப்பிடிக்கும் ஏரிகள்... சைபீரிய உறைமண்ணுக்குள் வாயு எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது?

2014-ம் ஆண்டு ஜூலை மாதம். ரஷ்யாவின் வடகோடியில் இருக்கும் யமால் தீபகற்பத்தின் மேல் பறந்த ஹெலிகாப்டரிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு வீடியோ உலகம் முழுக்கப் பரவியது. பச்சையும் பழுப்புமாக விரிந்துகிடந்த சமவெளியின் நடுவே, யாரோ துளை போட்டதுபோல ஒரு பெரிய வட்டப் பள்ளம். சுற்றிலும் மண்கட்டிகள் சிதறிக்கிடந்தன. உள்ளே இருட்டு. அடி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

விண்கல் விழுந்திருக்கும் என்றார்கள் சிலர். ஏவுகணைச் சோதனை என்றார்கள் வேறு சிலர். வேற்றுக்கிரகவாசிகள் வரை கதை போனது.

சில நாள்களில் ரஷ்ய ஆய்வாளர் ஆண்ட்ரே பிளெகானோவ் தலைமையிலான குழு அந்த இடத்துக்குப் போனது. பள்ளத்தின் அடியில் இருந்த காற்றில் மீத்தேன் வாயு 9.6 சதவிகிதம் வரை இருந்தது. நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றில் மீத்தேனின் அளவு 0.0002 சதவிகிதத்துக்கும் குறைவு. காற்றில் 5 முதல் 15 சதவிகிதம் வரை மீத்தேன் கலந்திருந்தால், ஒரு தீப்பொறி போதும், வெடித்துவிடும்.

ஆக, வந்தது விண்கல் இல்லை. வேலையைக் காட்டியது மண்ணுக்குள் இருந்த வாயு. ஆனால், அதோடு கேள்வி முடியவில்லை. பாறைபோல உறைந்துகிடக்கும் மண்ணுக்குள் அவ்வளவு வாயு எப்படி வந்தது? அந்தப் பகுதி முழுக்க இப்படி வாயு நிரம்பியிருக்கிறதா? அல்லது அங்கொன்றும் இங்கொன்றுமாக மட்டும் இருக்கிறதா?

இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியமானது. அந்த மண்ணில் மான் மேய்ப்பவர்களுக்கும், அங்கே கிணறு தோண்டும் தொழிலாளர்களுக்கும், பூமியின் வெப்பத்தைக் கணக்குப் போடும் விஞ்ஞானிகளுக்கும் அதன் பதில்தான் தேவைப்படுகிறது.

உறைமண் என்றால் என்ன?

தொடர்ந்து இரண்டு ஆண்டுகளுக்காவது பூஜ்ஜியம் டிகிரி செல்சியஸிலோ அதற்குக் கீழேயோ இருக்கும் நிலத்துக்கு 'பெர்மாஃப்ரோஸ்ட்' என்று பெயர். தமிழில் உறைமண் என்று சொல்லலாம். இரண்டு ஆண்டு என்பது வரையறைக்காகத்தான். நிஜத்தில் பல இடங்களில் இந்த மண் பல்லாயிரம் ஆண்டுகளாக உருகாமல் கிடக்கிறது. சைபீரியா, அலாஸ்கா, கனடாவின் வடபகுதி ஆகிய இடங்களில்தான் இது அதிகம்.

மேலே மட்டும் ஒரு மெல்லிய அடுக்கு கோடையில் உருகி, குளிர்காலத்தில் மறுபடி உறையும். புல்லும் பாசியும் முளைப்பது இந்த அடுக்கில்தான். அதற்குக் கீழே எல்லாம் கல்தான்.

எவ்வளவு ஆழத்துக்கு? இந்தக் கேள்விக்கு முதலில் விடை தேடியவர் விஞ்ஞானி அல்ல, ஒரு வியாபாரி. சைபீரியாவின் யாகுட்ஸ்க் நகரில் ஃபியோதர் ஷெர்கின் என்பவர் குடிநீருக்காக 1828-ல் கிணறு வெட்ட ஆரம்பித்தார். வெட்ட வெட்ட உறைந்த மண்தான் வந்தது. விடாமல் 1837 வரை வெட்டினார். 116 மீட்டர் ஆழம் போயும் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடைக்கவில்லை. ஆனால், அந்தக் கிணறு அறிவியலுக்கு உதவியது. 1844-ல் அலெக்ஸாண்டர் மிடென்டார்ஃப் என்ற ஆய்வாளர் அதற்குள் பல ஆழங்களில் வெப்பநிலையை அளந்து, உறைமண் எவ்வளவு ஆழம் போகும் என்று கணக்கிட முயன்றார். யாகுட்டியாவின் வடபகுதியில் சில இடங்களில் உறைமண் சுமார் 1,500 மீட்டர் ஆழம் வரை இருப்பது பிற்காலத்தில் தெரிய வந்தது.

வாயுவுக்கு இரண்டு பிறந்த வீடு

உறைமண்ணில் இருக்கும் வாயுவில் பெரும்பகுதி மீத்தேன். நம் வீட்டு சாண எரிவாயுவில் இருப்பதும், எண்ணெய் வயல்களில் கிடைக்கும் இயற்கை எரிவாயுவில் இருப்பதும் இதே மீத்தேன்தான். உறைமண்ணுக்கு இது இரண்டு வழிகளில் வந்து சேருகிறது.

முதல் வழி, நுண்ணுயிர்கள். இட்லி மாவை அரைத்து வெளியே வைத்தால் இரவோடு இரவாகப் பொங்கிவிடும். ஃபிரிட்ஜில் வைத்தால் அப்படியே கிடக்கும். மாவுக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் குளிரில் வேலையை நிறுத்திவைப்பதுதான் காரணம். ஆர்க்டிக் மண்ணிலும் இதே கதைதான். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் முளைத்த புல், பாசி, வேர், செத்த விலங்குகளின் மிச்சம் எல்லாம் மட்குவதற்குள் உறைந்துவிட்டன. உறைவதற்கு முன், காற்றுப் புகாத சேற்றில் நுண்ணுயிர்கள் செய்துவைத்த மீத்தேனும் அதோடு சேர்ந்து மாட்டிக்கொண்டது. மண் மறுபடி உருகினால், மாவை ஃபிரிட்ஜிலிருந்து வெளியே எடுத்த கதையாக வேலை திரும்பத் தொடங்கும்.

இரண்டாவது வழி, ஆழத்திலிருந்து வரும் வாயு. நிலக்கரிப் படுகைகளும் எண்ணெய், எரிவாயுப் படிவுகளும் இருக்கும் இடங்களில், பாறை விரிசல்கள் வழியே வாயு மெல்ல மேலே ஏறும். ஏறும் வழியில் உறைமண் குறுக்கே வந்தால் அங்கேயே தேங்கும்.

வாயு எந்த வீட்டில் பிறந்தது என்று கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. கார்பன் அணுக்களில் எடை குறைந்ததும் உண்டு, கூடியதும் உண்டு. நுண்ணுயிர்கள் செய்யும் மீத்தேனில் எடை குறைந்த கார்பனின் பங்கு சற்று அதிகம். ஆழத்திலிருந்து வரும் வாயுவில் மீத்தேனோடு ஈத்தேன், புரொப்பேன் போன்றவையும் கலந்திருக்கும். சாம்பிளை ஆய்வகத்தில் கொடுத்தால், வாயுவின் பூர்வீகம் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ஒரே வயல்... ஒரு கிணற்றில் புயல், அடுத்ததில் வெறும் மண்!

உறைமண்ணை ஒரு பெரிய கேஸ் சிலிண்டர்போல நினைத்துக்கொள்கிறோம். எங்கே குத்தினாலும் வாயு வரும் என்று தோன்றுகிறது. நிஜம் அப்படி இல்லை.

யமாலில் இருக்கும் பொவானென்கோவோ, உலகின் மிகப் பெரிய எரிவாயு வயல்களில் ஒன்று. அங்கே எடுக்கப்படும் எரிவாயு இருப்பது உறைமண்ணுக்கும் கீழே, வெகு ஆழத்தில். ஆனால், அந்த ஆழத்தை எட்டுவதற்கு முன்பே, உறைமண்ணைத் துளைக்கும்போதே பல கிணறுகளில் வாயு பீறிட்டது. ரஷ்ய ஆய்வாளர்கள் யாகுஷேவும் சுவிலினும் இந்தத் தகவல்களைத் தொகுத்து 2000-ம் ஆண்டு வெளியிட்டார்கள். சுமார் 28 மீட்டரிலிருந்து 150 மீட்டர் வரையிலான ஆழத்தில் வாயு வெளிவந்திருந்தது. வெளிவந்த அளவு இன்னும் ஆச்சரியம். ஒரு கிணற்றில் நாளொன்றுக்கு 50 கன மீட்டர், இன்னொன்றில் 14,000 கன மீட்டர்.

ஒரே வயலில் இவ்வளவு வித்தியாசம் ஏன்? மண்ணின் வகை ஒரு காரணம். மணலில் துகள்களுக்கு இடையே இடைவெளி அதிகம். வாயு அங்கே தங்கலாம், நகரலாம். களிமண்ணில் இடைவெளி மிக நுண்ணியது. அதனால், களிமண் அடுக்குகளுக்கு நடுவே சிக்கிய மணல் திட்டுகள் வாயு தேங்கும் பைகளாகிவிடுகின்றன. மேலே களிமண்ணும் பனியும் மூடி. உள்ளே மணலில் வாயு.

உறையும் விதம் இன்னொரு காரணம். மண் மேலிருந்து கீழாக உறைந்துகொண்டே போகும்போது, தண்ணீரில் கரைந்திருந்த வாயுவையும் உப்பையும் பனி தன்னுள் முழுதாகச் சேர்த்துக்கொள்வதில்லை. முன்னால் தள்ளிக்கொண்டே போகிறது. தள்ளப்பட்ட வாயு ஓரிடத்தில் ஒதுங்கிச் சேருகிறது. அந்த இடத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் உறைந்துவிட்டால், உள்ளே அழுத்தம் கூடும். தண்ணீர் பனியாகும்போது அதன் கன அளவு சுமார் 9 சதவிகிதம் பெருக்கும் என்பதால் நெருக்கடி இன்னும் அதிகமாகும்.

இது தவிர, நிலத்தடியில் பாளம் பாளமாகக் கிடக்கும் பனிக்கட்டிக்குள்ளும் சிறு குமிழிகளாக மீத்தேன் அடைபட்டிருக்கிறது.

மண்ணின் வயதும் கணக்கில் வருகிறது. வடகிழக்கு சைபீரியாவின் கோலிமா தாழ்நிலத்தில் எலிசவேட்டா ரிவ்கினா உள்ளிட்ட ஆய்வாளர்கள் துளையிட்டு எடுத்த மண் உருளைகளை அடுக்கு அடுக்காகச் சோதித்தார்கள். சில அடுக்குகளில் மீத்தேன் இருந்தது. ஆனால், கடைசிப் பனியுகத்தில் படிந்த, பனி மிகுந்த 'யெடோமா' என்ற அடுக்கில் மீத்தேன் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. இத்தனைக்கும் அந்த அடுக்கில் மட்காத தாவர மிச்சம் ஏராளம். அதாவது, வாயு செய்யத் தேவையான சரக்கு இருக்கிறது, வாயு இல்லை. மேல் அடுக்கில் இருப்பது கீழ் அடுக்கில் இல்லை, கீழே இருப்பது நடுவில் இல்லை. ஓர் இடத்தில் எடுத்த அளவை வைத்து மொத்த சைபீரியாவுக்கும் கணக்குப் போட்டால் தப்பாகிவிடுவது இதனால்தான்.

எரியும் பனிக்கட்டி

உறைமண்ணில் மீத்தேன் வாயுவாக மட்டும் இருப்பதில்லை. திடப்பொருளாகவும் இருக்கிறது. குளிரும் அழுத்தமும் போதுமான அளவு இருந்தால், தண்ணீர் மூலக்கூறுகள் கூண்டுபோல அமைந்து, ஒவ்வொரு கூண்டுக்குள்ளும் ஒரு மீத்தேன் மூலக்கூறைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இதுதான் மீத்தேன் ஹைட்ரேட். பார்க்கச் சாதாரண ஐஸ்கட்டி மாதிரியே இருக்கும். தீக்குச்சியைக் காட்டினால் எரியும்!

ஒரு கன மீட்டர் ஹைட்ரேட் உடைந்தால் சுமார் 160 கன மீட்டர் வாயு வெளிவரும். கொஞ்ச இடத்தில் இவ்வளவு சரக்கு அடங்கியிருப்பதால்தான் இது எரிசக்தித் துறைக்கு ஆசையையும், பருவநிலை ஆய்வாளர்களுக்குக் கவலையையும் ஒருசேரத் தருகிறது. உறைமண்ணில் இப்படி ஒன்று இருக்கலாம் என்று 1960-களிலேயே சொன்னவர் சோவியத் விஞ்ஞானி யூரி மகோகன்.

வழக்கமாக, உறைமண் பகுதிகளில் ஹைட்ரேட் நிலைத்திருக்க 200 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வேண்டும். மேலே அழுத்தம் போதாது. ஆனால், யமாலில் அதைவிடக் குறைந்த ஆழத்திலேயே ஹைட்ரேட் இருப்பதற்கான அறிகுறிகள் கிடைத்தன. இது எப்படி சாத்தியம்?

இதற்கு ஒரு விளக்கம் உண்டு. பூஜ்ஜியத்துக்குக் கீழான குளிரில் ஹைட்ரேட் உடையத் தொடங்கும்போது, அதிலிருந்து வரும் தண்ணீர் உடனே உறைந்து, மேலே ஒரு பனித்தோலாகப் படிந்துவிடுகிறது. அந்தத் தோல், உள்ளே இருக்கும் மிச்ச ஹைட்ரேட்டைப் பாதுகாக்கிறது. 'சுய பாதுகாப்பு' என்று ஆய்வாளர்கள் இதைக் குறிப்பிடுகிறார்கள். முன்பு பனிப்பாறைகளின் கனத்தாலோ கடலின் கனத்தாலோ உருவான ஹைட்ரேட், அந்தக் கனம் நீங்கி ஆயிரமாயிரம் ஆண்டுகள் ஆன பிறகும் இப்படித் தாக்குப்பிடித்துக் கிடக்கலாம் என்பது அவர்களின் கணிப்பு.

இதில் சிக்கல் என்னவென்றால், இந்தப் பாதுகாப்பு மிக மெல்லியது. மண் முழுக்க உருக வேண்டியதில்லை. வெப்பநிலை கொஞ்சம் கூடினாலே அந்தப் பனித்தோல் பலவீனமாகிவிடும். துளையிடும் கருவியின் சூடும்கூட அதற்குப் போதும்.

பள்ளம் எப்படி வெடிக்கிறது?

யமால், அதன் பக்கத்தில் உள்ள கிடான் தீபகற்பம் இரண்டிலும் சேர்த்து இதுவரை சுமார் 20 வெடிப்புப் பள்ளங்கள் கண்டறியப்பட்டிருக்கின்றன.

2014-ல் பார்க்கப்பட்ட பள்ளம், 2013-ம் ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே உருவாகிவிட்டது என்பது சாட்டிலைட் படங்களை ஒப்பிட்டபோது தெரிந்தது. பள்ளம் வருவதற்கு முன் அதே இடத்தில் சில மீட்டர் உயரத்துக்கு ஒரு மேடு இருந்திருக்கிறது. அந்த மேடுதான் வெடித்திருக்கிறது. பள்ளத்தின் ஆழம் 50 மீட்டருக்கும் மேல். சில ஆண்டுகளில் தண்ணீர் நிரம்பி, வெளியிலிருந்து பார்த்தால் மற்ற ஏரிகளைப்போலவே ஆகிவிட்டது.

2017 ஜூன் 28 அன்று செயாகா பகுதியில் ஓர் ஆற்றுப் படுகையில் இருந்த மேடு வெடித்தது. அப்போது எழுந்த தீயையும் புகையையும் அப்பகுதி மக்கள் நேரிலேயே பார்த்தார்கள்.

2020 ஜூலையில் இன்னொரு பள்ளத்தை ஒரு தொலைக்காட்சிக் குழு ஹெலிகாப்டரில் போகும்போது தற்செயலாகக் கண்டது. 'சி17' என்று பெயரிடப்பட்ட அந்தப் பள்ளத்துக்குள் ஆய்வாளர்கள் டிரோனை இறக்கினார்கள். புதிதாக உருவாகி, தண்ணீர் நிரம்பாமல் இருந்ததால் உள்ளே முழுக்கப் படம்பிடிக்க முடிந்தது. சுமார் 30 மீட்டர் ஆழம். அடியில், பனிக்கட்டியைக் குடைந்ததுபோல ஒரு பெரிய குகை. வாயு அந்தக் குகைக்குள் சேர்ந்து, அழுத்தம் தாங்காமல் கூரையைப் பிய்த்துக்கொண்டு வெளியேறியிருக்கிறது என்பது வாசிலி பொகோயாவ்லென்ஸ்கி தலைமையிலான குழுவின் முடிவு.

வாயு எப்படி அங்கே சேர்ந்தது என்பதில்தான் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. 2024-ல் வெளியான ஓர் ஆய்வு, உறைமண்ணுக்குள் உப்பு அதிகமாக இருப்பதால் உறையாமல் தங்கிவிட்ட நீர்ப்படலத்தைக் காரணம் காட்டுகிறது. ஊறவைத்த உலர்திராட்சை தண்ணீரை இழுத்து உப்புவதுபோல, அந்த உப்புநீர்ப் படலம் மேலே உருகும் நீரை இழுத்துக்கொள்கிறது. அழுத்தம் கூடி மேல்மண்ணில் விரிசல் விழுகிறது. விரிசல் விழுந்ததும் அடியில் அழுத்தம் சட்டெனக் குறைய, ஹைட்ரேட் உடைந்து வெடிக்கிறது என்பது அவர்களின் விளக்கம். ஆஸ்லோ பல்கலைக்கழக ஆய்வாளர்களோ, ஆழத்தில் உள்ள எரிவாயுவும் வெப்பமும் பாறைப் பிளவுகள் வழியே மேலேறி, உறைமண்ணை அடியிலிருந்தே மெலிய வைப்பதுதான் முக்கியக் காரணம் என்கிறார்கள். அப்படியானால், வெடிப்புகள் ஏன் எரிவாயு வயல்கள் மிகுந்த இந்தப் பகுதியில் மட்டும் நடக்கின்றன என்பதற்கும் விடை கிடைத்துவிடுகிறது.

உறைமண் ஒரு மூடி

மண்ணுக்குள் இருக்கும் வாயு ஒரு பக்கம். மண்ணுக்கு அடியில் அடைபட்டிருக்கும் வாயு இன்னொரு பக்கம். துளைகளெல்லாம் பனியால் அடைபட்ட மண், பானைக்கு மூடிபோல வேலை செய்கிறது.

நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டம் இதற்கு நல்ல உதாரணம். அங்கே எண்ணெய், எரிவாயு தேடி முன்பு தோண்டிய 18 கிணறுகளின் பழைய பதிவேடுகளை தாமஸ் பர்ச்சால் தலைமையிலான குழு தூசி தட்டிப் படித்தது. 2023-ல் வெளியான அந்த ஆய்வின்படி, 8 கிணறுகளில் உறைமண் இருந்ததற்கான சான்று கிடைத்தது. அவற்றில் பாதிக் கிணறுகளில் வாயு தேங்கியிருந்தது. கிணறு தோண்டியவர்கள் தேடியது அதை அல்ல. அதனால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த மூடியும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. பள்ளத்தாக்குகளில் மண்ணில் ஈரம் அதிகம். உறையும்போது துளைகள் நன்றாக அடைபடும். மலைமேட்டில் மண் காய்ந்திருக்கும். அங்கே மூடியில் ஓட்டை அதிகம். வெதுவெதுப்பான கடல் நீரோட்டம் தொடும் மேற்குக் கரையில் உறைமண்ணே திட்டுத்திட்டாகத்தான் இருக்கிறது.

மூடி விலகினால் என்ன ஆகும் என்பதை அலாஸ்கா காட்டுகிறது. அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் கேட்டி வால்டர் ஆந்தனி, உறைந்த ஏரிகளின் பனியில் சிக்கியிருக்கும் குமிழிகளைத் துளைத்துத் தீ வைத்துக்காட்டும் வீடியோக்களால் பிரபலமானவர். அவரது குழு 2012-ல் வெளியிட்ட ஆய்வில், அலாஸ்காவில் வாயு கசியும் 1,50,000-க்கும் மேற்பட்ட இடங்கள் குறிக்கப்பட்டன. உறைமண் உருகும் எல்லைகளிலும், பனியாறுகள் பின்வாங்கும் ஓரங்களிலும்தான் இந்தக் கசிவுகள் வரிசைகட்டி நின்றன.

கனடாவின் மெக்கன்சி ஆற்று டெல்டாவில் விமானத்தில் பறந்து வாயுவை அளந்த ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2017-ல் இன்னொரு கணக்கைச் சொன்னார்கள். ஆழத்து வாயு கசியும் இடங்களின் பரப்பு மொத்தத்தில் சுமார் 1 சதவிகிதம்தான். ஆனால், அந்தப் பகுதியின் ஆண்டு மீத்தேன் வெளியேற்றத்தில் 17 சதவிகிதம் அங்கிருந்துதான் வந்தது. அந்த ஒரு சதவிகிதத்தைத் தவறவிட்டால் மொத்தக் கணக்கும் கோணலாகிவிடும்.

அங்கே வாழ்பவர்கள் யார்?

யமால் என்றால் நெனெட்ஸ் மொழியில் 'நிலத்தின் முடிவு' என்று அர்த்தம். நெனெட்ஸ் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பனிமான் மந்தைகளோடு அந்தச் சமவெளியில் வடக்கும் தெற்குமாக நடந்துகொண்டே வாழ்பவர்கள். கூடாரம்தான் வீடு. பள்ளங்கள் உருவானதும் அவர்கள் நடமாடும் நிலத்தில்தான்.

2012-ல் பொவானென்கோவோ வயல் உற்பத்தியைத் தொடங்கியது. ரயில் பாதையும், குழாய்களும், தொழிலாளர் குடியிருப்புகளும் வந்துவிட்டன. குழாய்க்கு அடியிலோ தண்டவாளத்துக்கு அருகிலோ ஒரு மேடு வெடித்தால் என்ன ஆகும் என்ற கவலை அங்கே உண்டு. இதில் இன்னொரு சங்கடம், அந்தச் சமவெளியில் மேடுகளுக்குப் பஞ்சமே இல்லை. அவற்றில் பெரும்பாலானவை 'பிங்கோ' எனப்படும், உள்ளே பனிக்கட்டி மட்டும் இருக்கும் சாதுவான மேடுகள். வாயு இருக்கும் மேடும் வெளியிலிருந்து பார்க்கக் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். சாட்டிலைட் படங்களில் மேடு எவ்வளவு வேகமாக உயர்கிறது என்று கவனிப்பதும், சந்தேகம் வந்த இடங்களில் நில அதிர்வுக் கருவிகளைப் பொருத்துவதும்தான் இப்போதைக்கு இருக்கும் வழிகள்.

இந்தியாவும் எட்டிப்பார்த்தது

இந்தக் கதையில் இந்தியாவுக்கும் ஒரு சின்னப் பங்கு இருக்கிறது. மெக்கன்சி டெல்டாவில் மல்லிக் என்ற இடத்தில் உறைமண்ணுக்குக் கீழே, சுமார் 890 மீட்டரிலிருந்து 1,100 மீட்டர் ஆழம் வரை ஹைட்ரேட் அடுக்குகள் இருக்கின்றன. 2002-ல் அங்கே நடந்த சர்வதேசச் சோதனையில் ஜப்பான், கனடா, அமெரிக்கா, ஜெர்மனியோடு இந்தியாவும் சேர்ந்துகொண்டது. ஹைட்ரேட்டை உடைத்து எரிவாயு எடுக்க முடியும் என்று அந்தச் சோதனை காட்டியது. 2008-ல் அதே இடத்தில் அழுத்தத்தைக் குறைக்கும் முறையில் ஆறு நாள்கள் தொடர்ந்து வாயு எடுத்துக்காட்டினார்கள்.

இந்தியாவுக்கு ஆர்வம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. கிருஷ்ணா-கோதாவரிப் படுகையின் கடலடியில் ஹைட்ரேட் இருப்பதை 2006-ல் நடந்த கடல் ஆய்வு உறுதிசெய்தது. அது உறைமண் இல்லை, ஆழ்கடல் சேறு. ஆனால் கூண்டுக்குள் மீத்தேன் என்ற கணக்கு ஒன்றுதான்.

பயப்பட வேண்டுமா?

மீத்தேன் காற்றில் சுமார் 12 ஆண்டுகள்தான் தங்கும். ஆனால், 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். ஆர்க்டிக் பகுதியோ, 1979-க்குப் பிறகு உலக சராசரியைப்போல கிட்டத்தட்ட நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் 'மீத்தேன் குண்டு' என்ற தலைப்புகள் வருகின்றன.

ஆனால், ஐ.நா-வின் பருவநிலைக் குழு 2021-ல் வெளியிட்ட அறிக்கை அவ்வளவு பயமுறுத்தவில்லை. ஆழமான உறைமண்ணிலும் கடலடியிலும் இருக்கும் ஹைட்ரேட்டுகளால் இந்த நூற்றாண்டுக்குள் உலகின் வாயு வெளியேற்றப் பாதையே மாறிப்போகும் வாய்ப்பு மிகவும் குறைவு என்கிறது அது. வெடிக்கும் பள்ளங்கள் பார்க்க மிரட்டலாக இருந்தாலும், ஒரு பள்ளத்திலிருந்து வெளியேறும் வாயு உலக அளவில் மிகச் சிறியது.

அதற்காக நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. சத்தமே இல்லாமல் நடக்கும் வேலைதான் பெரியது. வடபகுதி உறைமண்ணில் சுமார் 1,50,000 கோடி டன் கரிமக் கார்பன் இருப்பதாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது. இது இன்றைய வளிமண்டலத்தில் இருப்பதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அது மெல்ல உருகி, நுண்ணுயிர்கள் மெல்லத் தின்று, மெல்ல வாயுவாகும். வடசைபீரிய ஏரிகளிலிருந்து குமிழிவிடும் மீத்தேனில் உள்ள கார்பனின் வயது 35,000 முதல் 43,000 ஆண்டுகள் வரை என்று 2006-லேயே அளந்திருக்கிறார்கள். கடைசிப் பனியுகத்துப் புல் இன்று வாயுவாகிக்கொண்டிருக்கிறது.

அடுத்த முறை, பூமி வெடித்து வாயு பீறிடும் வீடியோ ஒன்று உங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்தால், ஃபார்வர்டு செய்வதற்கு முன் மூன்று விஷயங்களைக் கேட்டுப்பாருங்கள். அந்த வாயு மண்ணுக்குள் இருந்ததா, மண்ணுக்கு அடியில் இருந்ததா? குமிழியாக இருந்ததா, ஹைட்ரேட்டாக இருந்ததா? மேலே இருந்த மூடி எவ்வளவு கனமாக இருந்தது? விஞ்ஞானிகள் ஒவ்வொரு துளையாகப் போட்டுத் தேடிக்கொண்டிருப்பதும் இந்த மூன்று கேள்விகளுக்கான பதிலைத்தான்.